அனுப்பியவர் யார்?

1

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் எனக்கு அதிக தைரியம் கொடுத்த புத்தகம் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929-ல் வெளியிட்ட 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்'. கேம்பிரிட்ஜில் தம் வகுப்புக்கு வந்தவர்களிடம் கவிஞரின் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளை மட்டும் கொடுத்தார் ரிச்சர்ட்ஸ். அவர்கள் எழுதித் தந்த அபிப்பிராயங்கள்தான் புத்தகத்தின் மூலப்பொருள். நான் எடுத்துக்கொண்ட பாடம் சுருக்கமானது. பெயரை மறை, பிரதியைப் பார், நியாயம் கிடைத்துவிடும். பத்துப் பதினைந்து வருஷங்களாக விமர்சனம் என்று நான் எழுதியதெல்லாம் இந்த நம்பிக்கையின் மேல் நின்றவை.

பகலில் நான் வங்கி ஊழியன். அங்கே நம்பிக்கை வேறு. ஒரு பரிவர்த்தனையை நான் பதிவு செய்தால் அதை இன்னொருவர் பார்த்துப் பாஸ் பண்ண வேண்டும். முன்பெல்லாம் புதுக் கணக்கு துவங்க ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவரின் அறிமுகக் கையெழுத்து தேவைப்பட்டதாம். ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த அதிகாரி ஒருவர் எனக்குச் சொன்னது இது: "தம்பி, நாம பணத்தைப் பாக்கறதில்ல. யார் கூட வந்தான்னுதான் பாக்கறோம்." அப்போது எனக்கு அது கேவலமாகப் பட்டது. இலக்கியத்தில் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வருஷம் இந்தப் பத்திரிகைக்கு வந்த கவிதைகளைப் படித்துத் தேர்வு செய்யும் பொறுப்பு மூன்று இதழ்களுக்கு என்னிடம் இருந்தது. நண்பர் ஒருவரின் கவிதையை மூன்று முறை படித்தேன். முதல் முறை பிடிக்கவில்லை, மூன்றாம் முறை பிடித்தது. பெயர் தெரியாத ஒருவரின் கவிதையை ஒரு முறை, அதுவும் பாதிவரை படித்துத் திருப்பி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து அது வேறொரு பத்திரிகையில் வந்திருந்தது. முழுவதும் படித்தபோது, நாங்கள் போட்டதைவிட நல்ல கவிதை என்று தெரிந்தது. நான் பெயரைப் பார்த்து முடிவு செய்யவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் எத்தனை முறை படிப்பது என்பதைப் பெயர் முடிவு செய்திருக்கிறது.

இந்த உறுத்தலோடு இருந்தபோதுதான் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு சரித்திரத்தைப் படிக்கத் துவங்கினேன். லினக்ஸ் என்ற மென்பொருளின் சரித்திரம். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், மூலப்பிரதி எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும், தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொல்லிக்கொள்ளும் உலகம் அது. அனுப்பியவை, நிராகரித்தவை, போட்ட சண்டைகள் எல்லாம் மின்னஞ்சல் கடிதங்களாகப் பொதுவில் கிடக்கின்றன. எந்த இலக்கியப் பத்திரிகையும் தன் நிராகரிப்புகளை இப்படிப் பாதுகாத்து வைத்ததில்லை.

2

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். திருத்தங்கள் பலரிடமிருந்தும் வந்தன. அவர் பார்த்துப் பிடித்ததைச் சேர்த்துக்கொண்டார். பத்து வருஷங்களில் ஒரு மனிதன் பார்க்கக்கூடிய அளவைத் தாண்டி அவை வரத் துவங்கின. பிடிக்காததற்குப் பதில் எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. பிடித்தும் கவனிக்க நேரமில்லாததற்கும் பதில் கிடையாது. அனுப்பியவனுக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். மறுபடியும் அனுப்பு, மறுபடியும் அனுப்பு என்பதுதான் வழியாக இருந்தது. தபாலில் கவிதை அனுப்பிக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2002 ஜனவரியில் இது வெளிப்படையான சண்டையாக வெடித்தது. வருகிற திருத்தங்களை எல்லாம் சேகரித்து ஒழுங்குபடுத்தித் தர ஒருவரை நியமிக்க வேண்டும் என்று ராப் லாண்ட்லி யோசனை சொன்னார். டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. அவர் பதிலின் சாரம் இது: நான் எல்லோரோடும் வேலை செய்வதில்லை. எனக்கு நம்பிக்கையான சிலரோடு வேலை செய்கிறேன். அவர்களுக்கு நம்பிக்கையானவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். இந்தச் சங்கிலி வழியாக என்னிடம் வா.

இதில் ஒளிவுமறைவு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த வீடு என்று பெயர் வைத்துவிட்டு அறிமுகக் கடிதம் கேட்கிறாரே என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தோன்றியது. படிக்க வேண்டியவை ஆயிரம், படிக்கிறவன் ஒருவன் என்றால், படிப்பதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்தாக வேண்டும். அந்தத் தேர்வுக்குப் பிரதி உதவாது, ஏனென்றால் பிரதி இன்னும் படிக்கப்படவில்லை. மிஞ்சுவது பெயர்தான்.

இந்தச் சங்கிலிக்கு 2004-ல் எழுத்து வடிவமும் வந்தது. முந்திய வருஷம் எஸ்.ஸி.ஓ. என்ற நிறுவனம் லினக்ஸில் தன் சொத்து கலந்திருப்பதாக வழக்குப் போட்டிருந்தது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நிர்ப்பந்தம். அதன்பின் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் எழுதியவர் கையெழுத்து, அதைக் கைமாற்றியவர்களின் கையெழுத்து என்று வரிசையாக வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வவுச்சரின் மூலையில் நாங்கள் போடுகிற இனிஷியல்தான்.

3

இனி கான் கோலிவாஸின் கதை. ஆஸ்திரேலியர். தொழிலால் மயக்க மருந்து நிபுணர். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியைத் தூங்க வைத்து மறுபடி எழுப்புகிறவர். நிரல் எழுதத் தாமாகவே கற்றுக்கொண்டவர். அவரைத் தொந்தரவு செய்த விஷயம் சாதாரணமானது. கணினி பின்னணியில் பெரிய வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது, மவுஸ் தடுமாறுகிறது. கணினியின் மூளை ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் கவனிக்கும். அடுத்தது யார் முறை, எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெட்யூலர் என்று பெயர். வங்கியில் டோக்கன் கூப்பிடுகிறவனின் வேலை. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-ல் இருந்த ஷெட்யூலரை எழுதியவர் ஹங்கேரியரான இங்கோ மோல்னார், ரெட் ஹாட் நிறுவனத்தின் ஊழியர். எந்த வேலை மனிதன் எதிரே உட்கார்ந்து காத்திருக்கும் வேலை என்று அது ஊகித்துச் சலுகை கொடுத்தது. ஊகம் தவறினால் பாட்டு நின்றது.

கோலிவாஸ் சில வருஷங்கள் அந்த ஊகங்களைச் சரிசெய்ய உதவினார். அவர் அனுப்பிய திருத்தங்கள் சில ஏற்கவும் பட்டன. பிறகு ஊகமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். எல்லோருக்கும் நியாயமாகப் பங்கு பிரித்தால் போதும், சலுகை தேவைப்படாது. 2004-லிருந்து இந்த வழியில் எழுதிக்கொண்டிருந்தார். 2007 மார்ச்சில் அது முழு வடிவம் பெற்றது. வீட்டில் லினக்ஸ் வைத்திருந்தவர்களில் பலர் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். சிலர் தங்கள் கணினியில் மோசமாகிவிட்டது என்றும் எழுதினார்கள். அவர்களோடு கோலிவாஸ் வாதாடினார்.

2007 ஏப்ரல் 13-ந் தேதி மோல்னார் ஒரு புது ஷெட்யூலரை அறிவித்தார். ஸி.எஃப்.எஸ். என்று பெயர். ஊகங்களை விட்டுவிட்டு நியாயமான பங்கு என்ற அடிப்படையில் அமைந்தது. எழுத ஆன நேரம் 62 மணி என்று அவரே சொன்னார். நியாயப் பங்கீடு சாத்தியம் என்று நிரூபித்தவர் கோலிவாஸ் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே எழுதினார். ஷெட்யூலர்களை மாற்றிப் பொருத்தும் அமைப்பு ஒன்று வேண்டுமென்று கோலிவாஸும் வேறு சிலரும் முன்பு கேட்டபோது மறுக்கப்பட்டிருந்தது; அதற்கு ஒப்பான ஓர் அமைப்பு இதில் இருந்தது. ஜூலையில் ஸி.எஃப்.எஸ். ஏற்கப்பட்டது. அக்டோபரில் 2.6.23-ல் உலகுக்கு வந்தது. அதே ஜூலையில் கோலிவாஸ் லினக்ஸ் வேலையை விட்டுவிடுவதாக அறிவித்தார்.

பல வருஷ உழைப்பு வெளியே, 62 மணி நேர உழைப்பு உள்ளே. இதை முதலில் படித்தபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. செல்வாக்கு வென்றது, பிரதி தோற்றது. சின்னப் பத்திரிகைக்காரன் வருஷக்கணக்கில் செய்த பரிசோதனையைப் பெரிய பத்திரிகை எழுத்தாளர் ஒரு வாரத்தில் தொடர்கதையாக்கிப் பேர் வாங்கிக்கொண்ட கதைகள் நமக்குப் பழக்கம்தானே. கோலிவாஸ் நம் ஆள் என்று நினைத்தேன்.

4

டோர்வால்ட்ஸ் பிறகு எழுதிய விளக்கத்தைப் படித்தபோது இது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. இரண்டு பிரதிகளில் எது சிறந்தது என்ற கேள்வியை அவர் முக்கியமாகக் கருதவில்லை. எழுதி முடித்த பிரதியை அவர் வாங்கவில்லை; அதைப் பராமரிக்கப்போகும் மனிதனைத் தேர்ந்தெடுத்தார். நாளைக்கு ஒருவன் வந்து என் கணினியில் இது வேலை செய்யவில்லை என்று சொல்வான். அப்போது அவனோடு சண்டை போடுகிறவர் வேண்டுமா, உட்கார்ந்து சரிசெய்கிறவர் வேண்டுமா? மோல்னார் இரண்டாவது வகை என்று பல வருஷ அனுபவம் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

இந்த வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். கவிதை அச்சானபின் முடிந்துபோகிறது. நிரல் அப்படியில்லை. அது ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் அதன் வாழ்க்கை துவங்குகிறது. பெயர் என்று நான் இளக்காரமாகச் சொன்னது அங்கே ஒரு ஞாபகம். இவர் முன்பு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்ற ஞாபகம். வங்கியிலும் கடன் கொடுக்கிறவன் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் அந்த ஞாபகத்தைச் சம்பாதிக்க என்ன செலவாகிறது என்று டோர்வால்ட்ஸ் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எப்போதும் இருப்பது, எந்தப் புகாருக்கும் உடனே பதில் சொல்வது, ஒரு பிழையைப் பொறுமையாகத் துரத்துவது இவையெல்லாம் குணங்கள்தான். அதே சமயம் இவை நேரமும் ஆகும். மோல்னாருக்கு அந்த நேரத்துக்கு மாதச் சம்பளம் இருந்தது. கோலிவாஸ் நாள் முழுதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர். பொறுமையின்மை என்று கடிதங்களில் தெரிவதில் எத்தனை பங்கு சுபாவம், எத்தனை பங்கு களைப்பு என்று பிரிக்க முடியாது. நம்பகத்தன்மை என்ற அளவுகோல் நியாயமாகத் தோன்றுகிறது. அதற்குள்ளே யாருடைய நாளுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் எழுத உட்காருகிற குமாஸ்தா என்பதால் இது எனக்குச் சட்டென்று தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பெரிய ஸர்வர்களை ஓட்டுகிறவர்கள். கோலிவாஸ் பேசியது வீட்டு மேஜை மேல் இருக்கும் கணினிக்காக. 2009-ல் அவர் திரும்பி வந்து, அச்சில் சொல்லக் கூசும் பெயர் ஒன்றை வைத்து, புதிய ஷெட்யூலர் ஒன்றை வெளியிட்டார். ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கவேயில்லை. மோல்னார் அதைப் பெரிய இயந்திரம் ஒன்றில் சோதித்து, லினக்ஸில் இருப்பதே மேல் என்று முடிவுகளை வெளியிட்டார். அந்தமாதிரி இயந்திரத்துக்காக இதை எழுதவில்லை என்றார் கோலிவாஸ். எந்த இயந்திரத்தில் வைத்து அளப்பது என்பதைத் தீர்மானிப்பவன் யாரோ, அவனிடம்தான் செல்வாக்கு இருக்கிறது. அளவுகள் பொய் சொல்லவில்லை. அளக்கும் இடம் முன்னமே தீர்மானமாகிவிட்டிருந்தது. இருந்தும், அந்தச் சச்சரவுக்குப் பின் லினக்ஸின் ஷெட்யூலரில் மேஜைக் கணினிக்காரர்களுக்கு அனுகூலமான சில மாறுதல்கள் வந்தன. உள்ளே வராத பிரதியும் வேலை செய்திருக்கிறது.

கோலிவாஸ் 2021 வரை தம் வழியில் எழுதிக்கொண்டிருந்து நிறுத்திக்கொண்டார். ஸி.எஃப்.எஸ். 2023 அக்டோபரில் வந்த 6.6 வரை ஓடியது. பின்பு அதன் இடத்தில் வேறொன்று வந்தது. மோல்னாரின் கோப்பின் தலைப்பில் பல வருஷங்கள் ஒரு வரி இருந்தது. நியாயப் பங்கீட்டு அமைப்பு கோலிவாஸுடையது என்று ஒப்புக்கொள்ளும் வரி. தமிழ் இலக்கிய உலகில் இந்த ஒரு வரியை எழுத மனம் வராமல் எத்தனை பேர் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

5

செல்வாக்குக்கு எதிராகத் திறந்த மூலப்பிரதிக்கு உள்ள ஒரே நிஜமான ஆயுதம் பிரிந்து போவது. பிரதி பொதுச்சொத்து என்பதால் யாரும் எடுத்துக்கொண்டு தனியே நடத்தலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் துவங்கிய ஜி.ஸி.ஸி. என்ற கம்பைலரில் திருத்தங்கள் ஏற்கப்படாமல் தேங்கிக் கிடந்தபோது, 1997-ல் ஒரு கூட்டம் பிரிந்து போய் ஈ.ஜி.ஸி.எஸ். என்று நடத்தியது. 1999 ஏப்ரலில் பிரிந்தவர்களின் பிரதியே அதிகாரபூர்வமான ஜி.ஸி.ஸி. ஆயிற்று. நம் சிறுபத்திரிகைகள் பிறந்ததும் இப்படித்தான். தாய்வீடு திரும்பக் கூப்பிட்டதில்லை என்பது வித்தியாசம். ஆனால் அவர்கள் ஒரு கூட்டமாகப் போனார்கள். கோலிவாஸ் தனி ஆள்.

இது தனிமனிதர்களின் கதை மட்டுமல்ல என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. கிட்ஹப் என்ற இடத்தில் குவியும் திருத்தங்களைக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2014-ல் எழுதினார்கள்: அனுப்புகிறவருக்கும் ஏற்கிறவருக்கும் முன் பரிச்சயம் இருந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. 2017-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில் பெண்கள் அனுப்பியவற்றில் 78.6 சதவீதமும் ஆண்கள் அனுப்பியவற்றில் 74.6 சதவீதமும் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் வெளியாளாக வரும் பெண், பெண் என்று அடையாளம் தெரியும்போது, அந்த விகிதம் சரிந்தது. பெயரை மறை என்ற என் பழைய கோஷத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இங்கே நிறுத்தியிருந்தால் கட்டுரை சௌகரியமாக முடிந்திருக்கும்.

6

2024 மார்ச் 29 என்னை நிறுத்தவிடவில்லை. எக்ஸ்.ஸெட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். ஏராளமான லினக்ஸ் கணினிகளில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது. ஃபின்லாந்துக்காரர் ஒருவர் சம்பளமில்லாமல் பல வருஷங்களாகக் கவனித்து வந்தார். 2021-லிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் துவங்கினார். ஒழுங்கான, உபயோகமான திருத்தங்கள். 2022-ல் வேறு சில பெயர்கள் தோன்றி, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று அந்த மனிதரை நெருக்கின. தாம் களைத்திருப்பதை அவர் மறைக்கவில்லை. உதவி செய்ய ஜியா டான் எப்போதும் தயாராக இருந்தார். பொறுப்பு மெல்ல அவர் கைக்குப் போயிற்று. நெருக்கிய பெயர்கள் பிறகு காணாமல் போயின. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையக் கள்ளக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது வெளிவரவில்லை.

டோர்வால்ட்ஸ் கேட்ட குணங்கள் அத்தனையும் ஜியா டானிடம் இருந்தன. எப்போதும் இருந்தார். சண்டை போடவில்லை. பொறுமையாகச் சரிசெய்தார். நம்பிக்கைக்குரிய மனிதன் என்பதை ஒருவன் சுமார் மூன்று வருஷம் நடித்துக் காட்ட முடியும் என்று நிரூபணமாயிற்று. சண்டைக்கார டாக்டர் வெளியே நிறுத்தப்பட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டில் சாதுவான திருடன் சாவியோடு உலாவினான். அவன் நுழைந்த வழியும் முன்பு சொன்ன வழிதான். சம்பளமில்லாதவரின் களைப்பு ஒரு பக்கம், யாரோ கூலி கொடுத்திருக்க வேண்டிய நேரம் இன்னொரு பக்கம்.

பெயரை மறைத்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா? மாட்டாது. அந்தப் பெயரே ஒரு முகமூடிதான். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தவர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாகிறதே என்று கவனித்தார். ஏன் என்று பார்த்துக்கொண்டே போனார். அனுப்பியவர் யார் என்று அவர் கேட்கவில்லை. நல்லவராகத் தெரிகிறார் என்று விட்டுவிடவும் இல்லை. அரை வினாடியை வாசித்தார்.

7

ரிச்சர்ட்ஸின் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கல்லூரியில் நான் கவனிக்காமல் விட்டது அதன் முக்கியமான விஷயம். பெயர் நீக்கப்பட்ட பிறகும் அந்த மாணவர்கள் மோசமாகத்தான் வாசித்தார்கள். டன்னும் ஹாப்கின்ஸும் பலரிடம் அடிபட்டார்கள். பெயரை நீக்கினால் நியாயம் வந்துவிடும் என்று ரிச்சர்ட்ஸ் சொல்லவில்லை. பெயரை நீக்கியதும் வாசிக்கத் தெரியாதது வெளியே வந்துவிட்டது என்றார். நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பதினைந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

செல்வாக்கை ஒழித்துவிடலாம் என்று இப்போது நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் எல்லோரும் படிக்க முடியாதவரை யாராவது ஒருவரின் பேச்சை நம்பித்தான் ஆகவேண்டும். எதை முதலில் படிப்பது என்று பெயர் சொல்லட்டும். படித்தாகிவிட்டது என்று சொல்லப் பெயருக்கு அதிகாரம் கிடையாது. கோலிவாஸ் விஷயத்தில் நடந்த தப்பும் எக்ஸ்.ஸெட். விஷயத்தில் நடந்த தப்பும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரே தப்பு என்றே நினைக்கிறேன். இரண்டிலும் மனிதரைப் பற்றிய அபிப்பிராயம் வாசிப்பின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கவிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாதிதான் படித்துத் திருப்பினேன் என்பதையும் எழுதினேன். அது வேண்டியதில்லை என்றார் நண்பர். வேண்டியிருந்தது. மோல்னாருக்கு எழுதத் தோன்றிய அந்த ஒரு வரியாவது நம்மிடமிருந்து வரவேண்டும். கவிஞரிடமிருந்து பதில் வரவில்லை. எனக்குப் பதில் வந்தாக வேண்டும் என்று கேட்கும் யோக்யதையும் இல்லை. இந்த இதழுக்கு வந்தவற்றில் இன்னும் படிக்காதவை நாற்பத்தொன்று இருக்கின்றன.